வாசகர் கேள்வி – பதில்: எந்த வில்லனுக்கு மீட்சி இல்லை?

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, தமிழ்க் கதைகளில் மீட்சிக்கே இடமில்லாத வில்லன் யார் என்று என்னைக் கேட்டால் சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லனைச் சொல்வேன் என்று ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியை ஒட்டி வந்த கடிதங்களுக்கு இந்த இதழ்.

கேள்வி: இராவணன், துரியோதனன், சகுனி என்று எத்தனையோ பேர் இருக்க, ஒரே காதையில் வந்து போகும் பொற்கொல்லனை ஏன் தேர்ந்தீர்கள்? எதை வைத்து ஒருவனை மீட்சியற்றவன் என்பது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: குற்றத்தின் அளவை வைத்து இதை முடிவு செய்ய முடியாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஊரையே எரித்தவன் திருந்துகிற கதையை நாம் நம்பிப் படிக்கிறோம்; ஒரே ஒரு பொய்யைச் சொன்னவனை நெஞ்சம் ஏற்க மறுக்கிறது. நல்ல கதைகள் பலவற்றில், தீயவன் தன் செயலை முடிக்கும் முன் யாரேனும் ஒருவர் குறுக்கிட்டு ‘வேண்டாம்’ என்பார். அல்லது பலியாகப் போகிறவரின் முகம் அவன் கண்ணில் படும். தான் செய்வது இன்னதென்று தெளிவாக அறிந்த பின்பும், விலகிக்கொள்ள வழி இருந்தும், அந்தக் கணத்தில் அவன் என்ன செய்கிறான், அவனுக்குள் ஏதேனும் அசைகிறதா என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

பொற்கொல்லனின் செயலை இந்த முறையில் பார்ப்போம். பெயர்கூடச் சொல்லப்படாத அவன், அரசியின் சிலம்பை ஏற்கெனவே திருடி வைத்திருக்கிறான். கொல்லர் நூறு பேர் பின்னால் வர, கையில் கோலுடன் நடந்து வரும் அவனைப் பெரிய மனிதன் என்று நம்பி, கோவலன் தன் மனைவியின் காற்சிலம்பை விலைமதிக்கக் கேட்கிறான். தன் களவு வெளிப்படும் முன் இந்த அயலூரானைக் காட்டித் தப்பிவிடலாம் என்று அவன் அங்கேயே முடிவு செய்கிறான். இது அச்சத்தில் பிறந்த குற்றம். அச்சத்தில் மனிதர் எதையும் செய்வர். பிறகு வாழ்நாள் முழுதும் வருந்தவும் செய்வர். கதை இந்த இடத்தோடு நின்றிருந்தால், அவனைப் பற்றி அந்த வரியை நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

ஆனால் இளங்கோவடிகள் கொலைக்களக் காதையில் இன்னொரு காட்சியை வைத்திருக்கிறார். அரசன் ஏவிய காவலர் வந்து கோவலனைப் பார்க்கிறார்கள்; பார்த்ததும் தயங்குகிறார்கள். ‘இலக்கண முறைமையின் இருந்தோன் ஈங்கிவன் கொலைப்படு மகனலன்’ என்று வாய்விட்டே சொல்லிவிடுகிறார்கள். கொலைக்குப் பழகியவர்களுக்கே கை எழவில்லை. பொற்கொல்லன் குற்றத்தை ஒப்புக்கொள்ளக்கூட வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாலே அந்தத் தயக்கம் கோவலனைக் காப்பாற்றியிருக்கக்கூடும். அவனோ காவலரை எள்ளி நகைக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர் துணையாகக் கொள்ளும் எட்டையும் எண்ணிச் சொல்லி, ஒவ்வொன்றையும் விளக்கி, அவர்களுக்குப் பாடமே நடத்துகிறான். களவைப் பற்றிக் கள்வன் நிகழ்த்தும் அந்தப் பேச்சின் நீளந்தான் என்னை உறுத்துகிறது. உயிருக்கு அஞ்சி நடுங்குகிறவன் இத்தனை ஒழுங்காகப் பேசமாட்டான். எதிரில் ஒன்றும் அறியாமல் இருக்கும் மனிதனின் சாவு அவனுக்குத் தன் சொல்வன்மையைக் காட்டும் வாய்ப்பாகிவிட்டது. அதன் பிறகுதான் கல்லாக் களிமகன் ஒருவன் வாளை வீசுகிறான்.

சகுனியையும் துரியோதனனையும் நான் விட்டதற்குக் காரணம் எளியது. அவர்களுக்குப் பகை இருந்தது. பொற்கொல்லனுக்கும் கோவலனுக்கும் இடையே அன்று காலைவரை ஒன்றுமே இல்லை.

கேள்வி: ஆணையிட்டவன் பாண்டியன். அரசனுடைய குற்றத்தை ஒரு கைவினைஞன் தலையில் ஏற்றுவது அதிகாரத்தில் இருப்பவரைக் காப்பாற்றும் வேலை அல்லவா?
– வாசகர், மதுரை

பதில்: உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பாண்டியனின் ஆணை இல்லாமல் பொற்கொல்லனின் பொய் யாரையும் கொன்றிருக்க முடியாது. அரசியின் ஊடலைத் தணிக்க அந்தப்புரம் நோக்கி விரைந்துகொண்டிருந்த அரசன், ‘தேரானாகி’, அதாவது ஆராயாதவனாகி, சிலம்பு கள்வன் கையில் இருந்தால் அவனைக் கொன்று அதைக் கொண்டுவருக என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். ஓர் உயிரைப் பற்றிய தீர்ப்பை வழியில் நின்று சொல்லிச் செல்வது மன்னிக்கக்கூடிய கவனக்குறைவு அன்று. குற்றத்தின் பொறுப்பை அளப்பதானால் பாண்டியனின் பங்கே பெரியது. அதில் எனக்கு ஐயமில்லை.

பொறுப்பு வேறு, மீட்சி வேறு. கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கப் பரல் தெறிக்கிறது. தன் தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்று சற்று முன்புதான் பாண்டியனே சொல்லியிருந்தான். அந்த அவையில் அவன் பழியைத் தள்ளிவிட ஆள் இருந்தது. பொற்கொல்லன் என்னை ஏமாற்றிவிட்டான் என்று சொன்னால் அதில் பொய்யும் இல்லை. ஆனால் அவன் சொன்னது: ‘பொன்செய் கொல்லன் தன்சொற் கேட்ட யானோ அரசன் யானே கள்வன்.’ கொல்லனின் பெயரை அவன் எடுப்பதே தன்னைக் குற்றவாளி என்று நிறுவுவதற்குத்தான். ‘கெடுகவென் ஆயுள்’ என்று அவன் உயிரும் அங்கேயே போய்விடுகிறது.

இதனால் கோவலன் மீளவில்லை. கண்ணகியின் சினமும் ஆறவில்லை, மதுரை எரிந்தது. ஆகவே பாண்டியன் மன்னிக்கப்பட்டான் என்று நான் சொல்லவில்லை. மன்னிப்பது கண்ணகியின் உரிமை, அவள் மன்னிக்கவில்லை. அவன் தன்னை உள்ளபடி கண்டுகொண்டான் என்பது மட்டுமே என் வாதம்.

கேள்வி: இராவணனுக்கு எத்தனை பேர் அறிவுரை கூறினார்கள்! தடுத்து நிறுத்தப்பட்ட கணத்தை வைத்துத்தான் தீர்ப்பு என்றால் அவனல்லவா முதலில் நிற்க வேண்டும்?
– வாசகர், திருச்சி

பதில்: இந்தப் பதில்களில் நான் நெடுநேரம் யோசித்து எழுதியது இது. நீங்கள் சொல்வது போலவே, வீடணன் சொன்னான், கும்பகருணன் சொன்னான், மாலியவான் சொன்னான், அங்கதன் தூது வந்தான். இவர்கள் எல்லோருக்கும் மேலாக, முதல் நாள் போரில் எல்லாவற்றையும் இழந்து நின்றவனை இராமனே ‘இன்று போய்ப் போர்க்கு நாளை வா’ என்று அனுப்பிவைத்தான். எதிர்நிற்பவன் வேத முதற்காரணனோ என்ற எண்ணம் எழுந்த பிறகும், யாராக இருந்தாலும் இருக்கட்டும், என் ஆண்மையிலிருந்து பெயரமாட்டேன் என்று போரிட்டவன் அவன். அறியாமல் செய்தான் என்ற சலுகையைக் கம்பர் அவனுக்கு ஓரிடத்திலும் தரவில்லை.

இருந்தும், வெறுங்கையோடு இலங்கை புகுந்த அந்த இரவில் அவனை வாட்டியது எது என்று கம்பர் காட்டுவதைப் பாருங்கள். விண்ணும் மண்ணும் நகும், பகைவர் நகுவர் என்பதற்கு அவன் நாணவில்லையாம். ‘சானகி நகுவள் என்றே நாணத்தால் சாம்புகின்றான்’. இது மனந்திருந்தியவனின் நாணம் அன்று. இதில் ஆணவம் நிறையவே கலந்திருக்கிறது. ஆனால் தான் சிறைவைத்த பெண்ணின் பார்வையில் தான் எப்படித் தோன்றுவோம் என்பது அவனைச் சுடுகிறது. தன்னால் துன்புறுத்தப்பட்டவரின் கண்ணுக்கு அஞ்சுகிற ஓரிடம் ஒருவனுக்குள் மீந்திருக்குமானால், அந்த இடத்தின் வழியாக அவன் மீண்டிருக்க முடியும் என்றே நான் கொள்வேன். அவன் மீளவில்லை, மீள முடியாதவனாக இருந்ததால் மீளவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கம்பரும் அப்படித்தான் கருதினார் என்பதற்கு அவன் இறந்து கிடக்கும் பாடலே சான்று. சினம் அடங்கி, மனம் அடங்கி, மயல் அடங்கிய அந்த முகங்கள், முனிவரையும் தலைசாயச் செய்த வெற்றி நாள்களைவிட ‘மும்மடங்கு பொலிந்தன’ என்கிறார். ஒரு தீயவனின் பிணத்தின் மீது இத்தனை பரிவோடு குனிந்து பார்த்த கவிஞர்கள் மிகச் சிலரே. பொற்கொல்லனுக்கோ, இளங்கோவடிகள் ஒரு சாவுக் காட்சியைக்கூடத் தரவில்லை.

கேள்வி: ‘ஒத்தெல்லோ’ நாடகத்தின் இயாகோவுக்குச் சரியான காரணமே இல்லை. காரணமில்லாத தீமை எழுத்தாளரின் குறை ஆகாதா?
– வாசகர், சென்னை

பதில்: குறையென்று நான் எண்ணவில்லை, அது ஷேக்ஸ்பியர் தெரிந்தே செய்தது. அவர் எடுத்தாண்ட மூலக்கதை 1565இல் வெளிவந்த இத்தாலியர் சிந்தியோவின் தொகுப்பில் உள்ளது. அதில் வரும் கொடி ஏந்தும் படைவீரனுக்குத் தெளிவான காரணம் உண்டு: தலைவனின் மனைவியை விரும்பினான், அவள் இணங்கவில்லை, விருப்பம் வெறுப்பாயிற்று. ஷேக்ஸ்பியர் அந்தக் காரணத்தைத் தளர்த்திவிட்டு, இயாகோவின் வாயில் வேறு பல காரணங்களை வைத்தார். தனக்கு வர வேண்டிய பதவி காசியோவுக்குப் போயிற்று என்பான். தன் மனைவி எமிலியாவை ஒத்தெல்லோ நாடியதாகக் கேள்வி என்பான். அது மெய்யோ பொய்யோ தெரியாது, ஐயமே போதும் என்றும் சேர்த்துச் சொல்வான். வினைக்கு முந்திய காரணங்களாக அவை எனக்குத் தோன்றவில்லை. வினையைத் தீர்மானித்தபின் தேடிக்கொண்டவையாகவே தோன்றுகின்றன.

இறுதியில் உண்மையைச் சொல்லத் துணிந்த எமிலியாவை அவனே குத்திக் கொல்கிறான். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கப்படும்போது, இனி ஒரு சொல்லும் பேசமாட்டேன் என்கிறான். நாடகம் முழுவதும் பேச்சாலேயே அழித்தவன், பேச்சு பிறருக்கு ஆறுதலாகக்கூடிய ஒரே இடத்தில் அதை மறுக்கிறான். பொற்கொல்லனுக்கு அருகில் நிறுத்த வேறொருவரைக் காட்டச் சொன்னால் நான் இவனைத்தான் காட்டுவேன்.

கேள்வி: இப்போதைய திரைப்படங்களில் வில்லனின் இளமைத் துன்பத்தைக் காட்டிவிட்டால் அவன் திருந்தத்தக்கவன் ஆகிவிடுகிறான். இது சரியா?
– வாசகி, சேலம்

பதில்: சரியன்று. இளமைத் துன்பம் ஒருவன் எங்கிருந்து வந்தான் என்பதை விளக்கும். மறுக்க வாய்ப்பிருந்த நேரத்தில் அவன் என்ன செய்தான் என்பதற்கு அது விடையாகாது. அதே துன்பத்தைப் பட்டு யாரையும் துன்புறுத்தாமல் வாழும் கோடிக்கணக்கானவர்களுக்கும் அது அநீதி.

கேள்வி: மகாபாரதத்தில் துரோணரின் மகன் அசுவத்தாமனுக்குக் கிடைத்த சாபத்தைப் பார்த்தால் அவனே மீட்சியற்றவன் என்று தோன்றவில்லையா?
– வாசகர், ஈரோடு

பதில்: மூவாயிரம் ஆண்டு தனியே அலைந்து திரிக என்பது கடுமையான சாபந்தான். தண்டனையின் நீளம் தண்டித்தவரின் துயரத்தைக் காட்டுகிறதே தவிர, தண்டனை பெற்றவனின் உள்ளத்தைக் காட்டுவதில்லை. உறங்குகிறவர்களைக் கொல்வது அறமன்று, விடியும்வரை பொறு என்று கிருபர் சொன்னதை மீறிப் பாசறைக்குள் நுழைந்தவன், அதன் பின் கருவிலிருந்த குழந்தையின் மீதும் அஸ்திரத்தை ஏவியவன் என்ற வகையில் அவன் என் பட்டியலுக்கு மிக அருகில் வருகிறான். பொய் சொல்லித் தன் தந்தையைக் கொன்றார்கள் என்ற மெய்யான காயம் ஒன்று அவனுக்கு இருந்ததால் மட்டுமே நான் தயங்குகிறேன்.

கேள்வி: அந்த ஒரு பொற்கொல்லன் மீட்சியற்றவன் என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது, பின்னர் ஆயிரம் பொற்கொல்லர் கொல்லப்பட்டதாகச் சிலப்பதிகாரம் சொல்வதே நினைவுக்கு வந்தது. அதை என்னவென்று சொல்வீர்கள்?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: அநீதி என்று சொல்வேன். பாண்டிய நாட்டில் மழை பொய்த்து, வறுமையும் நோயும் தொடர்ந்தபோது, கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று களவேள்வி என்னும் உயிர்ப்பலிச் சடங்கு செய்ததாகவும், அதன்பின் மழை பெய்ததாகவும் நூலின் முகப்பிலுள்ள உரைபெறு கட்டுரை சொல்கிறது. அந்த ஆயிரம் பேரில் ஒருவரும் கோவலனின் முகத்தைப் பார்த்ததில்லை. காவலரின் தயக்கத்தைக் கண்டு நகைத்ததில்லை. மீட்சியின்மை பற்றிய எந்தத் தீர்ப்பும் ஒரு மனிதனுக்கு, அவன் தேர்ந்த ஒரு கணத்துக்கு மட்டுமே உரியது. அதைச் சாதிக்கும் தொழிலுக்கும் நீட்டுகிறவன் பொற்கொல்லன் செய்ததையே பெரிய அளவில் செய்கிறான்: கைக்கு எட்டிய குற்றமற்றவனைக் காட்டிக் கணக்கை முடிக்கிறான்.

நூலுக்குள்ளேயே இதற்கு மறுப்பு இருக்கிறது. கோவலன் முற்பிறவியில் பரதன் என்ற பெயரில் அரசன் ஒருவனிடம் பணிபுரிந்தான் என்றும், நகை விற்க வந்த சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக் கொல்லச் செய்தான் என்றும் மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் கூறுகிறது. பொற்கொல்லன் செய்த அதே குற்றம்! அதைச் செய்தவன் மறுபிறவியில், நாம் கண்ணீர் விடும் கோவலனாக வருகிறான். ஒரு பிறவிக்குள் காட்டப்பட்டதை வைத்தே தீர்ப்புச் சொல்கிற என்னைவிட நூல் தாராளமானது என்பதை நான் மகிழ்ச்சியோடு ஏற்கிறேன்.

அடைக்கலக் காதையில் மாடலன் என்னும் மறையவன் நினைவுகூரும் நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. பத்தினி ஒருத்தியின் மீது பொய்ச்சான்று சொன்ன ஒருவனைப் புகார் நகரின் நாற்சந்தியில் இருந்து பொய்யரைத் தண்டிக்கும் சதுக்கப்பூதம் பற்றிக்கொள்கிறது. அவன் தாயின் அழுகையைக் கண்ட கோவலன், அவனுக்கு மாற்றாகத் தன் உயிரைக் கொள்ளும்படி வேண்டுகிறான். நரகன் ஒருவனின் உயிருக்கு நல்லுயிர் ஒன்றை வாங்கும் வழக்கம் இங்கு இல்லை என்று பூதம் மறுத்துவிடுகிறது. பொய்ச்சான்று சொன்னவன் மாள்கிறான். அதற்குப் பிறகு கோவலன் அவனுடைய தாயை அழைத்துச் சென்று, அவன் சுற்றத்தாரையும் கிளைஞரையும் பசி தீரப் பல்லாண்டு காப்பாற்றினான்.