மரத்தடி மேடைக்கு டைல்ஸ் வேண்டாம்

கேள்வி: எங்கள் வீதி முக்கில் வேப்பமரத்தைச் சுற்றி ஒரு சிமெண்ட் மேடை. சாயங்காலம் பெரியவர்கள் உட்கார அது ஒன்றுதான் இடம். இப்போது வெடித்துக் கம்பி தெரிகிறது. மேலே டைல்ஸ் ஒட்டினால் சரியாகுமா? (வாசகர், ஈரோடு)

ஒட்டாதீர்கள். துரு பிடித்த கம்பி பருத்துத்தான் கான்கிரீட்டைப் பெயர்க்கிறது. டைல்ஸ் அதை மறைக்கும், நிறுத்தாது. மழையில் வயதானவர்களுக்கு வழுக்கவும் செய்யும்.

முதலில் மரத்தைப் பாருங்கள். அடிமரத்தை ஒட்டி சிமெண்ட் நெருக்கினால் வேர் பருக்கும்போது மேடை வெடிக்கும், மரமும் தண்ணீரின்றித் தவிக்கும். டெல்லியில் மரத்தைச் சுற்றி 1 மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்ற 2013-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. அதே அளவுக்கு நீங்களும் மண்ணைத் திறந்துவிடுங்கள். வேரை மட்டும் வெட்டவே கூடாது. ஆடிக் காற்றுக்கு மரம் சாய்ந்துவிடும்.

பிறகு சின்னச் சுத்தியலால் மேடை முழுக்கத் தட்டுங்கள். கணீரென்றால் நல்ல இடம். பொத்தென்றால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது, சாக்பீஸால் வட்டம் போடுங்கள். வட்டம் கொஞ்சம்தான் என்றால், கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும்வரை கொத்தி, கம்பி பிரஷ்ஷால் துருவைப் பளிச்சென்று தேய்த்து, துருத் தடுப்பு பிரைமர் அடித்து, பாலிமர் கலந்த சாந்தால் நிரப்பலாம். வெறும் சிமெண்ட் பூச்சு சீக்கிரம் உரிந்துவிடும்.

பாதிக்கு மேல் வட்டம் விழுந்தால் இடித்துவிடுங்கள். நான் கருங்கல்லைத்தான் சொல்வேன். நம் பக்கத் தோட்டவேலிகளில் கல்கால்கள் தலைமுறை தாண்டி நிற்கின்றனவே! இரண்டு கல் தாங்கி, மேலே ஒரு பட்டியக்கல். கம்பியே இல்லை, துருவும் இல்லை. உயரம் 45 செ.மீ., தண்ணீர் வழிய முன்பக்கம் அரை அங்குலச் சரிவு. எழும்போது ஊன்ற ஓரத்தில் ஒரு கைப்பிடி கட்டாயம். முட்டிவலிக்காரருக்கு அதன் அருமை தெரியும். சாயங்கால நிழல் மரத்துக்குக் கிழக்கே விழும், இருக்கையை அங்கே போடுங்கள். நடக்க 1.8 மீட்டர் வழி விடச் சொல்கிறது, சாலைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ்.

கொத்தனாருக்கு முன்பணம் கொடுக்குமுன் அந்த வீதி மாநகராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மாநகராட்சி வீதியென்றால் நமக்கு நாமே திட்டத்தில் மனுக் கொடுத்துப் பாருங்கள். வீதிக்காரர்கள் மூன்றில் ஒரு பங்கு திரட்டினால் மீதியை அரசு போடும்.