ஃபேஸ்புக் பக்கமும் கடைக்காரரும்: கேள்வி பதில்

சிறு கடைகளின் பக்கங்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். கேட்டவர்களின் ஊரையும் வியாபாரத்தையும் மட்டும் போட்டிருக்கிறேன்.

பவானி, ஜமக்காளம்: என் சொந்த ஐடியிலயே விக்கிறேனுங்க. தனியா பேஜ் வேணுமா?

வேண்டும். சொந்த ஐடியில் 5,000 நண்பர்களோடு கதவு சாத்திவிடும். அது வியாபாரத்துக்கென்று உண்டானதும் இல்லை. பக்கம் என்றால் கடைப் பையனிடம் பாஸ்வேர்டு கொடுக்காமலே பதில் சொல்லும் பொறுப்பை மட்டும் கொடுக்கலாம். அவன் வேலையை விட்டுப் போனால் எடுத்துவிடலாம்.

மதுரை, சுங்குடி சேலை: விலையை வெளிய போட்டா பக்கத்துக் கடைக்காரர் பத்து ரூபா குறைச்சுப் போடுறார். அதான் 'இன்பாக்ஸ் வாங்க'ன்னு போடுறேன். தப்பா சார்?

அந்தக் கடைக்காரர் வேறொரு ஐடியில் வந்து விலை கேட்டால் சொல்லித்தானே ஆகவேண்டும்? அப்புறம் யாரிடமிருந்து மறைக்கிறீர்கள்? வாங்க வந்தவரிடமிருந்துதான்.

உங்கள் பதிவுகளைப் பார்த்தேன். படத்துக்குக் கீழே வரிசையாக 'ரேட் ப்ளீஸ்', 'ப்ளவுஸ் இருக்கா?', 'சாயம் போகுமா?', 'திருச்சிக்கு கூரியர் எவ்வளவு?'. எல்லாவற்றுக்கும் ஒரே பதில், 'செக் இன்பாக்ஸ்'. ஒருவருக்குச் சொன்ன பதிலை அடுத்தவர் படிக்க வழியில்லை. விலை, நீளம், ப்ளவுஸ், கூரியர் நான்கையும் படத்தோடு எழுதுங்கள். மீதிக் கேள்விக்கு அங்கேயே, பெயர் சொல்லிப் பதில் போடுங்கள்.

திரும்பத் திரும்பக் கேட்பதுதான் உங்கள் அடுத்த பதிவு. சாயம் போகுமா என்கிறார்களா? ஒரு சேலையை வாளித் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, தண்ணீரின் நிறத்தை வீடியோவில் காட்டுங்கள். முதல் அலசலில் கொஞ்சம் இறங்கும் என்றால் அதையும் மறைக்காமல் காட்டுங்கள். பண்டிகை வாழ்த்துப் படங்களை யாரும் நின்று பார்ப்பதில்லை, இதைப் பார்ப்பார்கள்.

கோவில்பட்டி, கடலை மிட்டாய்: ஷேர் பண்ணி மூணு பேரை டேக் பண்ணா ஒரு கிலோ இலவசம்னு போட்டி வைக்கலாமா அண்ணாச்சி?

கூடாது. தன் டைம்லைனில் பகிர்வதையோ நண்பர்களை டேக் செய்வதையோ பரிசுக்கு நிபந்தனையாக வைக்க ஃபேஸ்புக் விதி இடம் தராது. 'லைக் போடு, ஷேர் பண்ணு' என்று கெஞ்சும் பதிவுகளைக் கீழே தள்ளுவதாக 2017 டிசம்பரிலேயே அறிவித்தும்விட்டார்கள். கமெண்டில் பதில் எழுதும் போட்டி வையுங்கள். இலவசத்துக்காக மட்டும் வருகிற கூட்டம் எப்படியும் வரும், அது வேறு விஷயம்.

தஞ்சாவூர், மெஸ்: 'சாம்பார் ஊசிப்போச்சு'ன்னு ஒருத்தர் எழுதிட்டார். அழிச்சிடவா?

வசவு என்றால் மறையுங்கள். மறைத்தது எழுதியவருக்கும் அவர் நண்பர்களுக்கும் தெரிந்துகொண்டே இருக்கும், மற்றவர் கண்ணில் படாது. ஆனால் இது வசவில்லை, புகார். 'எந்த நாள், எந்த வேளைங்க? பில் இருந்தா இன்பாக்ஸ்ல அனுப்புங்க' என்று அன்றைக்கே எழுதுங்கள். விசாரித்து முடித்ததும் அதே கமெண்டுக்குக் கீழே என்ன செய்தீர்கள் என்று ஒரு வரி போடுங்கள். பெரும்பாலோர் இந்த இரண்டாவது வரியை விட்டுவிடுகிறார்கள். படிக்கிற மற்றவர்கள் தேடுவது அதைத்தான்.

திருப்பூர், பனியன்: ராத்திரி வர்ற மெசேஜுக்கு?

தானியங்கிப் பதிலில் கடை திறக்கும் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். காலையில் முதல் வேலையாக ஆளே பதில் எழுதட்டும். சலுகை, விளம்பரம் எல்லாம் வாடிக்கையாளர் கடைசியாக எழுதி 24 மணி நேரத்துக்குள் அனுப்பிவிடுங்கள்.

நாகர்கோவில், நேந்திரம் சிப்ஸ்: 'காப்புரிமை மீறல், உங்கள் பக்கம் நீக்கப்படும்'னு மெட்டா பேருல மெசேஜ் வந்திருக்கு. பயமா இருக்கு.

மோசடி. ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனம் இப்படி இன்பாக்ஸில் வந்து மிரட்டாது. லிங்க்கைத் தொடாதீர்கள். தொட்டுப் பாஸ்வேர்டும் கொடுத்திருந்தால் உடனே மாற்றிவிட்டு, பக்கத்தின் நிர்வாகிகள் பட்டியலில் தெரியாத பெயர் ஏதும் ஏறியிருக்கிறதா பாருங்கள். இரட்டைச் சரிபார்ப்பை, அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் வசதியை, இன்றே போட்டுவிடுங்கள்.