ரெண்டு லிஸ்ட் போயிருக்கு, டெலிகேட் சீட்டுக்கு கோர்ட்ல ஸ்டே வாங்கலாமா?

அமெரிக்காவுல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கார்: "எங்க கட்சியோட மாநில கன்வென்ஷன்ல (மாநாட்டுல) என்னை, ஜனாதிபதி வேட்பாளரை முடிவு பண்ற தேசிய கன்வென்ஷனுக்கு டெலிகேட்டா (பிரதிநிதியா) தேர்ந்தெடுத்தாங்க. தோத்த குரூப் வெளிய போய் பக்கத்து ஹால்ல தனியா கூட்டம் போட்டு வேற லிஸ்ட் அனுப்பிட்டாங்க. அவங்களை உக்கார விடக்கூடாதுன்னு கோர்ட்ல தடை வாங்கலாமா?"

சார், உங்க கோபம் நியாயமானதுதான், ஆனா கோர்ட்டை மட்டும் நம்பி இறங்கிடாதீங்க. 1972-ல இதை இல்லினாய்ல செஞ்சு பாத்துட்டாங்க. டெமாக்ரடிக் கட்சியில சிகாகோ மேயர் டேலியோட 59 டெலிகேட்டுங்க மார்ச்ல பிரைமரியில (கட்சிக்குள்ள ஆளைத் தேர்ந்தெடுக்கிற தேர்தல்ல) ஓட்டு வாங்கி ஜெயிச்சவங்க, ஆனா பெண்கள், இளைஞர்கள், சிறுபான்மையினருக்கு இடம் குடுக்கணும்ங்கிற கட்சி விதியை மீறி லிஸ்ட் போட்டாங்கன்னு கட்சிக்குள்ளேயே இருந்த எதிர்த்தரப்பு புகார் குடுத்து, யார் முறையான டெலிகேட்டுன்னு பாக்குற கட்சியோட கிரெடன்ஷியல்ஸ் கமிட்டி அந்த 59 பேரையும் வெளிய அனுப்பிடுச்சு. டேலி ஆளுங்க உள்ளூர் கோர்ட்ல தடையே வாங்கிட்டாங்க, அப்பவும் எதிர்த்தரப்பு தேசிய கன்வென்ஷன் நடந்த மயாமி பீச்சுக்கு போய் சீட்ல உக்காந்து ஓட்டு போட்டாங்க. கேஸ் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் 1975-ல தீர்ப்பு வந்துச்சு, தேசிய கன்வென்ஷன்ல யார் உக்காரணும்ங்கிறதுல மாநில சட்டத்தை விட கட்சியோட உரிமைதான் பெரிசுன்னு. 1981-ல விஸ்கான்சின் கேஸ்லயும் கட்சிதான் ஜெயிச்சுது.

அதுக்காக கட்சி என்ன வேணா பண்ணலாம்னு அர்த்தம் இல்ல. வெள்ளையர் மட்டும் ஓட்டு போடுற டெக்சாஸ் பிரைமரியை 1944-லயே சுப்ரீம் கோர்ட் செல்லாதுன்னுடுச்சு. ஆனா நீங்க எழுதினதுல அப்படி பாகுபாடு எதுவும் தெரியல, இது எந்த கூட்டம் முறையான கூட்டம்ங்கிற சண்டை.

அதனால உங்க கேஸ் நடக்கப்போற இடம் கிரெடன்ஷியல்ஸ் கமிட்டி. கட்சி வெளியிட்ட கன்வென்ஷன் அறிவிப்பையும் விதிகளையும் இன்னைக்கே எடுத்து, ஆட்சேபணை குடுக்க கடைசி தேதி என்னன்னு பாருங்க, அது தாண்டிட்டா எவ்வளவு நியாயம் இருந்தாலும் பிரயோஜனம் இல்ல. கூட்ட நோட்டீஸ், கையெழுத்து ரெஜிஸ்டர், மினிட்ஸ், ஓட்டு எண்ணிக்கை, அவங்க எழுந்து போன பிறகும் கோரம் (கூட்டம் செல்லுபடியாக தேவையான குறைஞ்சபட்ச ஆளுங்க) இருந்துச்சுன்னு காட்ட கூட இருந்தவங்க சத்திய வாக்குமூலம், எல்லாம் வேணும். என் அனுபவத்துல ரெஜிஸ்டர்தான் முக்கியம், அது யார் கையில இருக்குன்னு முதல்ல கண்டுபிடிச்சு காப்பி எடுத்துடுங்க.

இன்னொண்ணு, யார் வெளிய போனாங்கங்கிறதை வச்சு மட்டும் ஜெயிச்சுடலாம்னு நினைக்காதீங்க. 1952-ல டெக்சாஸ் ரிபப்ளிகன் கூட்டத்துல வெளிய போனது ஜனாதிபதி வேட்பாளர் ஆக டாஃப்டோட போட்டி போட்ட ஐசனோவரோட ஆளுங்கதான், கடைசியில சிகாகோ கன்வென்ஷன்ல சீட் கிடைச்சதும் அவங்களுக்குத்தான், ஏன்னா கீழ்மட்ட கூட்டங்கள்ல அவங்களுக்குத்தான் மெஜாரிட்டி இருந்துச்சுன்னு எடுத்துக்காட்ட முடிஞ்சுது. அந்த வருஷம் தகராறுல இருந்த டெலிகேட்டுங்க தங்களோட சீட் முடிவாகுற வரைக்கும் மத்தவங்க சீட் தகராறுல ஓட்டு போடக்கூடாதுன்னு ஒரு தீர்மானம் வந்துச்சு, அதை மாத்த டாஃப்ட் ஆளுங்க கொண்டு வந்த திருத்தம் 658-க்கு 548-னு தோத்து, தீர்மானம் பாஸ் ஆச்சு, டாஃப்ட் தோத்ததுக்கு அது பெரிய காரணம். இப்ப உங்க கட்சி விதி இதுல என்ன சொல்லுதுன்னு பாத்து வைங்க.

கமிட்டியில தோத்தாலும் மைனாரிட்டி ரிப்போர்ட் (கமிட்டியில தோத்த பக்கம் குடுக்குற தனி அறிக்கை) மூலமா கன்வென்ஷன் முழுசுக்கும் முன்னாடி கொண்டு போக விதியில வழி இருக்கான்னும் பாருங்க, அதுக்கு கமிட்டிக்குள்ள உங்களுக்கு ஆதரவா கையெழுத்து போட ஆள் வேணும், அவங்ககிட்ட இந்த வாரமே பேச ஆரம்பிங்க.