வொண்டர்வேர்முக்கு எந்த ஊர்? – கடற்புழு கேள்வி பதில்

போன மாதம் இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தூண்டில்காரர்கள் சிலர் கேட்டுக்கொண்டதால் இந்த ஞாயிற்றுக்கிழமையைக் கடற்புழுவுக்கு என்று ஒதுக்கினேன். கேள்விகள் வந்த வரிசையிலேயே இருக்கின்றன. எனக்குத் தெரிந்தது உடம்பின் இரு பக்கமும் சுணை உள்ள கடற்புழுக்கள் மட்டும். மீனுக்கு வைத்தியம், மீன்தொட்டி, இறால் பண்ணைக் கணக்கு எல்லாம் வேறு யாரிடமாவது கேளுங்கள்.

சாட்ஸ்வொர்த், தூண்டில் போடுபவர்: அக்கா, இரை விற்கிற கடையில் வொண்டர்வேர்ம் என்கிறார்கள். என்னிடம் இருக்கும் பழைய புத்தகத்தில் மார்ஃபிசா சாங்குவினியா என்று போட்டிருக்கிறது. இன்னொரு இடத்தில் மார்ஃபிசா எலிட்யேனி. கல்லூரியில் படிக்கும் மகன் இரண்டும் இல்லை, ஹீமசோமா என்கிறான். எதை நம்புவது?

கேப் பக்கம், அதாவது நன்னம்பிக்கை முனைப் பகுதியில், கல்லுக்கு அடியில் எடுத்த புழு என்றால் மகன் சொல்வதுதான் சரி. எப்படி இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தோம் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், இன்றைக்கு வரப்போகும் பாதிக் கேள்விக்கு இதுவே பதில்.

1813-இல் இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் கரையில் கிடைத்த ஒரு புழுவுக்கு ஜார்ஜ் மாண்டகு சாங்குவினியா என்று பெயர் வைத்தார். லத்தீனில் ரத்தச் சிவப்பு. செவுள்கள் அப்படிச் சிவந்திருக்கும். அப்புறம் என்ன ஆயிற்று என்றால், ஐந்து உணர்கொம்பும் சிவப்புச் செவுளும் உள்ள புழு உலகத்தில் எங்கே கிடைத்தாலும் அதே பெயரை எழுதினார்கள். ஆஸ்திரேலியா, ஜப்பான், இந்தியா, நம் நாடு, எல்லா இடத்திலும். கையில் இருந்த அடையாளப் புத்தகங்கள் ஐரோப்பியப் புழுக்களை வைத்து எழுதியவை. அதில் இருக்கும் பெயர்களில் ஒன்றைத்தானே எழுத முடியும்? ஜான் டே 1967-இல் தென்னாப்பிரிக்கக் கடற்புழுக்கள் பற்றி இரண்டு பாகமாக எழுதிய பெரிய நூல் என் மேசையை விட்டு நகர்ந்ததே இல்லை. அந்த மனிதர் அளவுக்கு நம் கரையைத் தோண்டிப் பார்த்தவர் இல்லை. அவரும் நம் புழுவை சாங்குவினியா என்றுதான் எழுதினார்.

2003-இல் பாட் ஹட்சிங்ஸும் காராஜியோர்கோபுலோஸும் உண்மையான சாங்குவினியாவை, அதாவது இங்கிலாந்துக் கரையில் இருப்பதை, மறுபடி எடுத்து நுணுக்கமாக விவரித்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவுகோல் அதற்குப் பிறகுதான் கிடைத்தது. 2008-இல் மேற்கு கேப் புழு வேறு சிற்றினம் என்று தெரிந்து எலிட்யேனி என்று பெயர் வந்தது. நம் நாட்டு மொழிகளில் ஒன்றான கோசாவில் ‘கல்லிடத்தில்’ என்று அர்த்தம். அது வாழும் இடமே அதன் பெயர். எனக்கு மிகவும் பிடித்த பெயர்.

ஆனால் 2020-இல் காரா, சைமன் குழுவினர் பழைய பெயர்களை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தபோது, 1866-இலேயே கத்ருஃபாஜ் என்ற பிரெஞ்சுக்காரர் நன்னம்பிக்கை முனைப் புழு ஒன்றை ஹீமசோமா என்று விவரித்திருந்தது மேலே வந்தது. அந்தப் பெயரை இடையில் சாங்குவினியாவுக்குள் போட்டு மூடிவிட்டிருந்தார்கள். எலிட்யேனியும் அதுவும் ஒன்றே. இரண்டு பெயர் இருந்தால் மூத்த பெயர் நிற்கும், அதுதான் விதி. கோசாப் பெயர் போனதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆனாலும் விதி சரியானது. சும்மா பெயரை மாற்றுகிறார்கள் என்று கோபப்படாதீர்கள். ஒரு தவறான பெயரைத்தான் கழற்றியிருக்கிறார்கள்.

அதே சாட்ஸ்வொர்த் அண்ணன்: சரி அக்கா, நானே பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

பேரினம், அதாவது பெயரின் முதல் பாதியான மார்ஃபிசா, வரைக்கும் முடியும். புழுவை வெள்ளைத் தட்டில் கொஞ்சம் கடல்தண்ணீர் விட்டுப் போடுங்கள். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் போதும். தலை நடுவில் பிளந்து இரண்டு மடலாக, புளியங்கொட்டை இரண்டை ஒட்டவைத்த மாதிரி இருக்கும். அதிலிருந்து ஐந்து உணர்கொம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பின்னால் கால் இல்லாத வளையம் இரண்டு. அந்த வளையத்தின் முதுகில் இன்னொரு சின்னக் கொம்பு ஜோடி இருந்தால் அது யூனிஸ் என்ற வேறு பேரினம். இல்லையென்றால் மார்ஃபிசா. இன்னும் கீழே வந்தால் பக்கக்கால்களுக்கு மேலே சிவப்புக் குஞ்சம் போலச் செவுள். புழு அசையும்போது அதில் ரத்தம் ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், இன்னும் வேலையை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

சிற்றினம், அதாவது பெயரின் இரண்டாம் பாதி, சொல்ல மைக்ரோஸ்கோப் வேண்டும். செவுள் எத்தனையாவது கணுவில் தொடங்குகிறது, ஒரு செவுளில் எத்தனை இழை, சீப்பு மாதிரியான சுணைகளில் பல் எப்படி அமைந்திருக்கிறது, இவ்வளவும் பார்க்க வேண்டும். டர்பனில் எடுத்த புழுவைப் பார்த்தவுடன் ஹீமசோமா என்று எழுதிவிடாதீர்கள். கேப்பின் குளிர்ந்த தண்ணீர் வேறு, அகுல்ஹாஸ் நீரோட்டம் கொண்டுவரும் நம் வெதுவெதுப்பான தண்ணீர் வேறு.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், தமிழ் ஆசிரியை: இந்தப் புழுக்களுக்குத் தமிழில் என்ன பெயர்?

பாடப்புத்தகத்தில் பாலிகீட்டா என்றே இருக்கும். நான் சுணைப்புழு என்கிறேன். பூசணி இலையைத் தொட்டால் கையில் ஏறுமே, அந்தச் சுணைதான்.

உம்ஷ்லாங்கா, ஒரு அம்மா: பாறைக் குட்டையில் கல்லைப் புரட்டிய பையன் மயிர் மயிராக இருந்த புழுவைத் தொட்டுவிட்டான். விரல் எரிகிறது என்று அழுகிறான்.

தேய்க்க விடாதீர்கள், அதுதான் முக்கியம். ஒட்டும் டேப்பை விரலில் ஒட்டி மெதுவாக உரித்தால் சுணைகள் அதோடு வரும். இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். வீக்கம் ஏறினாலோ மூச்சு சிரமப்பட்டாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.

அது நெருப்புப்புழுவாக இருக்கும். யூரிதோ காம்ப்ளனேட்டா என்று எழுதுவார்கள். 1766-இல் பல்லாஸ் கரீபியன் கடலிலிருந்து விவரித்தது. வெப்பக்கடல் முழுவதும் ஒரே புழு என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். 2010-இல் மரபணுவைப் பார்த்தபோது அட்லாண்டிக், பசிபிக் மாதிரிகளிலேயே மூன்று சிற்றினங்கள் ஒளிந்திருந்தன. பையன் தேறட்டும், பிறகு படியுங்கள்.

ஃபீனிக்ஸ்: வொண்டர்வேர்ம் சாங்குவினியாதானே?

முதல் பதில்.

டோங்காட்: மஸ்ஸல்வேர்ம் பற்றியும் சொல்லுங்கள் அக்கா. சிப்பிப் பாறையில் பிடுங்கி எடுப்போமே, அது.

அதே மாதிரிக் கதைதான். சூடோநீரிஸ் வேரியகேட்டா என்று எழுதி வந்தோம். அந்தப் பெயர் 1857-இல் குரூபே சிலியின் வால்பரைசோ புழுவுக்கு வைத்தது. நடுவில் ஒரு முழு அட்லாண்டிக் கடல் கிடக்கிறது! நம்முடையது 1861-இல் ஷ்மார்டா நன்னம்பிக்கை முனையிலிருந்து விவரித்த போடோசிர்ரா. 2018-இல் அந்தப் பெயரை மீட்டார்கள். இதை வீட்டிலேயே பார்க்கலாம். செத்த புழுவின் கழுத்தை மெதுவாக அழுத்தினால் தொண்டை வெளியே பிதுங்கும். இரண்டு கொடுக்குத் தாடை, அதைச் சுற்றிச் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக வரிசை கட்டிய கறுப்புப் பற்கள். அந்தச் சீப்பு வரிசைதான் சூடோநீரிஸின் அடையாளம்.

பெயர் போடாதவர்: (ஒரு படம் மட்டும்) இது என்ன புழு?

எங்கே எடுத்தது? என்றைக்கு? சேறா, மணலா, கல்லுக்கு அடியிலா? இது இல்லாமல் நான் என்ன சொன்னாலும் ஊகம்தான். படம் அனுப்பும் எல்லோருக்கும் சொல்கிறேன், இடத்தை எழுதுங்கள்.

மெரேபாங்க், ஓய்வுபெற்றவர்: அம்மா, என் பாட்டனார் குடும்பம் டர்பன் துறைமுகத்தில் இருந்த சாலிஸ்பரி தீவில் வலை போட்டுப் பிழைத்தவர்கள். மதராஸ் கரையில் தோண்டிய அதே சேற்றுப்புழு இங்கேயும் இருக்கிறது என்று அவர் சொல்வாராம். 1860-இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் நம் ஆட்கள் வந்தபோது அந்தப் புழுவும் கூடவே வந்திருக்கலாம் அல்லவா?

ஜோஹனஸ்பர்க் தம்பி (இடையில்): ஐயா, கப்பலில் வந்தது மனிதர்கள். புழு எதற்கு வரும்? இதெல்லாம் வீட்டுக் கதை.

மெரேபாங்க் ஐயா: கடலை ஒரு நாளாவது பார்த்துவிட்டுப் பேசு தம்பி.

இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். இதற்குப் பிறகு வந்த பதினைந்து செய்திகளும் இதே சண்டைதான், எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

தம்பி, கப்பலில் புழு வரும். மரக்கப்பலின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டி, அதற்குள் புழு இருக்கும். பாரத்துக்குக் கரையில் அள்ளிய கல்லும் மணலும் ஏற்றினார்கள், அதிலும் வரும். ஃபைகோபொமேட்டஸ் எனிக்மாட்டிகஸ் என்ற குழாய்ப்புழுவை 1923-இல் ஃபோவெல் பிரான்ஸில் விவரித்தார். அதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியப் பக்கம் என்றே கருதுகிறார்கள். கேப்டவுன் ஜாண்ட்ஃப்ளேயில் அது பாறை மாதிரி வளர்ந்து நிற்கிறது. ஆகவே ஐயா கேட்ட கேள்வி நல்ல கேள்வி, சிரிக்க வேண்டியது அல்ல.

ஐயா, ஆனால் மதராஸிலிருந்து வந்தது என்று சொல்ல இரண்டு பக்கமும் பெயர் தெளிவாக இருக்க வேண்டும். சென்னைக் கரையில் உள்ள மார்ஃபிசாவுக்கு 2020-இல்தான் மார்ஃபிசா மதராசி என்று பெயர் வந்தது. அது கேப் கல்லடிப் புழு அல்ல, வேறு சிற்றினம். நம் கரைக்கு வாருங்கள். இன்று மார்ஃபிசா மொசாம்பிகா என்று சொல்லும் புழுவைப் பீட்டர்ஸ் மொசாம்பிக்கிலிருந்து விவரித்தது 1854. அதாவது ட்ரூரோ வருவதற்கு ஆறு வருடம் முன்பே இந்தக் கரையில் மார்ஃபிசா இருந்தது, பெயரும் வாங்கிவிட்டது. 1934-இல் டே நம் ஊர்ப் பெயரிலேயே மார்ஃபிசா டர்பனென்சிஸ் என்று ஒன்றை விவரித்தார். ஆக, இங்கே மார்ஃபிசா இருப்பதற்கு ஒரு கப்பல் தேவையில்லை.

உங்கள் பாட்டனார் பொய் சொல்லவில்லை. அதே ஐந்து கொம்பு, அதே சிவப்பு, சேற்றில் அதே மாதிரி வளை. அவர் பார்த்தது பேரினம். கைலென்ஸ் இல்லாமல் அதைச் சரியாகப் பார்த்த கண் அது.

மெரேபாங்க் ஐயா: அப்படியானால் மரபணு பார்த்துத் தீர்த்துவிடலாமே?

தீர்க்கலாம் ஐயா, இரண்டு கரையிலிருந்தும் புழு இருந்தால். இதற்கு வழக்கமாகப் படிப்பது சிஓஐ என்ற மரபணுவில் சுமார் 650 எழுத்து நீளமுள்ள துண்டு. அதற்குப் புழுவை ஃபார்மலினில் போடக்கூடாது. வால் பக்கம் ஒரு துண்டை 96 சதவீத ஆல்கஹாலில் தனியாக வையுங்கள். மீதியை உருவம் பார்க்க ஃபார்மலினில் போடலாம். இரண்டு குப்பியிலும் ஒரே எண், இடம், தேதி. பென்சிலால் எழுதிய சீட்டு குப்பிக்கு உள்ளே. வெளியே ஒட்டிய சீட்டு உரிந்துவிடும், பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். அப்படிப் பெயரிழந்த குப்பிகளை நான் ஒரு பெட்டி நிறைய வைத்திருக்கிறேன்.

ஜோஹனஸ்பர்க் தம்பி: ஐயா, மன்னியுங்கள். அடுத்த முறை டர்பன் வரும்போது உங்களோடு கரைக்கு வருகிறேன்.

நல்லது.

ஜார்ஜ் நகரம்: க்னைஸ்னா கழிமுகத்தில் மூன்ஷைன் வேர்ம் என்று ஒன்று எங்கே பார்த்தாலும் இருக்கிறது. அதுவும் நம்முடையதா?

இல்லை. அது டயோபாட்ரா அசிக்குலேட்டா, 1971-இல் ஆஸ்திரேலியாவின் போர்ட் ஃபிலிப் விரிகுடாவிலிருந்து விவரித்தது. 2020-இல் க்னைஸ்னாவில் இருப்பது அதுதான் என்று உறுதியானது. சிப்பித் துண்டும் புல்லும் ஒட்டிய குழாய் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். தூண்டில்காரர்களுக்கு நல்ல இரை, அதனால்தான் எனக்குப் பயம். ஒரு கழிமுகத்தில் எடுத்து இன்னொரு கழிமுகத்தில் மீன் பிடித்துவிட்டு மிச்சத்தைத் தண்ணீரில் கொட்டினால் அங்கேயும் பிடித்துக்கொள்ளும். மிச்ச இரையைக் கடலில் விடாதீர்கள். குப்பையில் போடுங்கள்.

ஐசிபிங்கோ: மண்வெட்டியால் தோண்டலாமா?

கூடாது. அனுமதிச் சீட்டோடு தரும் விதிகளைப் படியுங்கள்.

வெருலம்: பழைய புத்தகத்தில் சாங்குவினியா என்று இருக்கிறதே, அப்படியானால்...

முதல் பதிலைப் படியுங்கள். மூன்றாவது தடவை சொல்கிறேன். கேட்பதற்கு முன் மேலே ஒரு பார்வை பார்த்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

ஃபீனிக்ஸ், பதினொன்றாம் வகுப்பு மாணவி: அக்கா, இது கேள்வியா தெரியவில்லை. தாத்தா 1960-களில் சாலிஸ்பரி தீவுக் கல்லூரியில் விலங்கியல் படித்தார். வீட்டில் அவர் வைத்த குப்பி ஒன்று இருக்கிறது, உள்ளே ஒரு நீளப் புழு. குப்பிக்குள் ஒரு சீட்டு. மஞ்சளாகிவிட்டது, ஆனால் படிக்க முடிகிறது: தீவின் பெயர், ‘சேறு, தாழ்கடல்’, ஒரு தேதி. தூக்கிப் போடலாம் என்கிறார் அம்மா.

போட விடாதே கண்ணம்மா. அம்மாவிடம் நான் சொன்னேன் என்று சொல்.

அந்தக் கல்லூரியை 1961-இல் இந்தியர்களுக்கென்று தனியாக, கடற்படை விட்டுப்போன கட்டிடங்களில் தொடங்கினார்கள். மெரேபாங்க் ஐயாவின் பாட்டனார் வலை போட்டதும் அதே தீவில்தான். இன்று அது தீவாகவே இல்லை. துறைமுகத்துக்காக நிரப்பி, கரையோடு சேர்த்துவிட்டார்கள். தாத்தா மண்டியிட்டுத் தோண்டிய சேறு இப்போது கான்கிரீட்டுக்கு அடியில் இருக்கலாம்.

ஃபார்மலினில் இருந்த புழு என்றால் மரபணு கிடைப்பது கஷ்டம். பரவாயில்லை. செவுளும் சுணையும் அப்படியே இருக்கும், அதுவே நிறையச் சொல்லும். மூடியைத் திறக்காதே, ஃபார்மலின் ஆவி கண்ணுக்கும் மூச்சுக்கும் கெடுதல். குப்பியை நிமிர்த்தியே வைத்துக்கொண்டு வா. அடுத்த சனிக்கிழமை பார்க்கலாம், ஐயாவையும் வரச் சொல்கிறேன். அந்தச் சீட்டை மட்டும் யாரும் வெளியே எடுக்க வேண்டாம்.