பாட்டுகளை எந்த வடிவத்தில், எதில் வைப்பது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வீட்டில் 300 ஆடியோ சிடிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் போனுக்குக் கொண்டுபோக வேண்டும். எம்பி3 போதுமா, ஃப்ளாக் ஆக எடுக்க வேண்டுமா? எவ்வளவு இடம் பிடிக்கும்?
– வாசகர், மதுரை

இரண்டும் வேண்டும், ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் வேண்டாம். சிடியிலிருந்து எடுக்கும்போது, ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவத்திலேயே எடுத்து, வீட்டு ஹார்டு டிஸ்க்கில் மூலப்பிரதியாக வைத்துவிடுங்கள். போன், கார், பிளேயர் எதுவானாலும் அதிலிருந்து எம்பி3 போல ஒலியில் கொஞ்சம் விட்டுவிட்டுச் சுருக்கும் வடிவத்தில் சிறிய நகல் போட்டுக்கொள்ளலாம். நாளைக்கு வேறு வடிவம் வந்தாலும் சிடிகளைத் திரும்பத் தூசி தட்ட வேண்டியிருக்காது.

கணக்கு இதுதான். சிடி ஒலி நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. ஃப்ளாக் அதில் ஒரு துளியும் இழக்காமல், பெரும்பாலும் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குச் சுருக்கிவிடும். ஒரு மணி நேர சிடி 350 முதல் 400 எம்பி ஆகும். 300 சிடிக்கு 120 ஜிபி வரை. 500 ஜிபி டிஸ்க்கே தாராளம். போனுக்கு, எம்பி3 போன்ற இன்னொரு வடிவமான ஓபஸ் 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) என்றால் மொத்தமும் 17 ஜிபி, அதே வகையான ஏஏசி 192 என்றால் 26 ஜிபி. 64 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு வாங்குங்கள்.

விண்டோஸில் எடுக்க ‘எக்ஸாக்ட் ஆடியோ காப்பி’ நல்ல மென்பொருள். செக்யூர் மோடில் வையுங்கள். அது, அதே சிடியை மற்றவர்கள் எடுத்த முடிவுகள் உள்ள இணையப் பட்டியலோடு உங்கள் முடிவை ஒப்பிட்டுச் சொல்லும். ஆனால் பல தமிழ் சிடிகள் அந்தப் பட்டியலில் இருக்காது. அப்போது ‘டெஸ்ட் அண்ட் காப்பி’ கொடுத்தால் ஒவ்வொரு பாட்டையும் இரண்டு முறை படிக்கும். இரண்டு முறையும் வரும் சிஆர்சி எண்கள் (சரிபார்ப்பு எண்கள்) ஒன்றாக இருந்தால் நம்பலாம். வேறுபட்டால் சிடியை மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடைத்துவிட்டு மறுபடி எடுங்கள். வட்டமாகத் துடைக்காதீர்கள், தடத்தின் திசையிலேயே விழும் கீறலைச் சரிசெய்வது பிளேயருக்குக் கடினம்.

ஒரே வட்டில் நூறு பாட்டு என்று விற்றவை ஆடியோ சிடிகள் அல்ல, எம்பி3 வட்டுகள். அவற்றை அப்படியே காப்பி செய்தால் போதும்.

என்னிடம் இருந்த 128 கேபிபிஎஸ் எம்பி3 பாட்டுகளை ஃப்ளாக் ஆக மாற்றினேன். ஃபைல் ஆறு மடங்கு பெருத்ததே தவிர ஒலியில் மாற்றம் தெரியவில்லை. ஏன்?
– வாசகர், திருச்சி

எம்பி3 ஆக்கும்போது தூக்கி எறிந்ததை எந்த மாற்றியாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. பழைய எம்பி3 இருந்தால் அதை வைத்துக்கொண்டு ஃப்ளாக்கை அழித்துவிடுங்கள்.

அடுத்தவர் தரும் ஃப்ளாக்கும் இப்படி வந்ததாக இருக்கலாம். ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ‘ஸ்பெக்’ என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். படம் 16 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கத்தரித்தது போல நேர்கோட்டில் நின்றால் அநேகமாக அது 128 எம்பி3-யிலிருந்து வந்தது. ஆனால் பழைய பதிவுகளில் உயர் ஒலிகள் இயல்பாகவே குறைவு. அங்கே படம் மெல்ல மங்கும், வெட்டுப்பட்டு நிற்காது. அந்த வித்தியாசம் பார்க்காமல் நல்ல பதிவைப் போலி என்று அழித்துவிட வேண்டாம்.

சிடியில் ராகம், தானம், பல்லவி தனித்தனி டிராக்காக இருக்கின்றன. சிடியில் இழைந்து போவது, எம்பி3 ஆக்கினால் ஒவ்வொரு மாற்றத்திலும் ‘டக்’கென்று அறுபடுகிறது.
– வாசகர், கும்பகோணம்

கச்சேரி கேட்பவர்கள் எல்லோரையும் படுத்தும் தொல்லை இது. சினிமாப் பாட்டில் தெரியாது. பின்னால் தம்பூரா ஓடிக்கொண்டே இருக்கும்போது நூலளவு இடைவெளிகூடக் காதில் உறுத்தும்.

எம்பி3 ஒலியை 1152 சாம்பிள் கொண்ட துண்டுகளாக, அதாவது சுமார் 26 மில்லி செகண்டுத் துண்டுகளாக வெட்டி வைக்கிறது. டிராக்கின் நீளம் அதில் சரியாக அடங்காவிட்டால் கடைசித் துண்டை மௌனத்தால் நிரப்பும். தொடக்கத்திலும் கொஞ்சம் மௌனம் சேரும். எம்பி3 ஆக்கும் மென்பொருளான ‘லேம்’ என்கோடர் எவ்வளவு சேர்த்தோம் என்று ஃபைலுக்குள் குறித்துவைக்கும். அதைப் படிக்கத் தெரிந்த பிளேயர் வெட்டிவிடும். படிக்காத பிளேயரில் தம்பூரா அறுபடும்.

ஃப்ளாக்கில் இந்தச் சேர்க்கையே கிடையாது. எம்பி3தான் வேண்டும் என்றால் மூன்று டிராக்கையும் முதலில் ஒரே ஃப்ளாக்காக இணைத்து, பிறகு எம்பி3 ஆக்குங்கள். ஃபூபார்2000 என்ற பிளேயர் மென்பொருளில் மூன்றையும் தேர்ந்தெடுத்து, கன்வெர்ட் அமைப்பில் ஒரே ஃபைலாக இணைக்கச் சொன்னால் போதும். பிளேயரில் கிராஸ்ஃபேடு (ஒரு டிராக் மங்கும்போதே அடுத்ததைத் தொடங்கும் வசதி) போட்டு மறைக்கப் பார்க்காதீர்கள், ஆலாபனையின் முடிவும் தானத்தின் தொடக்கமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும்.

கூடவே ஒன்று: பழைய வானொலிக் கச்சேரிகள் மோனோ பதிவுகள். அவற்றை மோனோவாகவே 96 கேபிபிஎஸ்ஸில் வைத்தால், ஸ்டீரியோ 192-க்கு ஈடான தரம் பாதி இடத்தில் கிடைக்கும்.

64 ஜிபி பென் டிரைவைக் கார் படிக்கவே இல்லை. 16 ஜிபி படிக்கிறது, ஆனால் பாட்டுகள் வரிசை மாறி வருகின்றன, தமிழ்ப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன.
– வாசகர், கோவை

64 ஜிபி டிரைவ்கள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற ஃபைல் அமைப்பில் வரும். பல கார் ஸ்டீரியோக்களுக்கு அதற்கு முந்தைய ஃபேட்32 அமைப்பு மட்டுமே தெரியும். விண்டோஸின் வழக்கமான ஃபார்மேட் பெட்டி 32 ஜிபிக்கு மேல் ஃபேட்32 தராது. ‘ரூஃபஸ்’ மென்பொருளில் நான்-பூட்டபிள் என்று தேர்ந்தெடுத்து, லார்ஜ் ஃபேட்32 கொடுங்கள். டிரைவில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும், முதலில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.

சில ஸ்டீரியோக்கள் அகரவரிசை பார்ப்பதில்லை, டிரைவில் எழுதப்பட்ட வரிசையிலேயே பாடும். பாட்டுப் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் போட்டு, ஃபோல்டர்களை ஒவ்வொன்றாகக் காப்பி செய்யுங்கள்.

தமிழ் எழுத்துக்கு: எம்பி3டேக் மென்பொருளில், பாட்டு விவரங்களைச் சேமிக்கும் முறையை ஐடி3வி2.3, யுடிஎஃப்-16 என்று வைத்துச் சேமித்துப் பாருங்கள். அப்போதும் கட்டம் வந்தால் ஸ்டீரியோவில் தமிழ் எழுத்துருவே இல்லை. காருக்கான நகலில் மட்டும் ஆங்கில எழுத்தில் பெயர் போடுங்கள். மூலப்பிரதியில் தமிழ்ப் பெயரைத் தொடாதீர்கள்.

புளூடூத் ஹெட்போனில் ஃப்ளாக் கேட்டால் பயன் உண்டா?
– வாசகர், சேலம்

மிகக் குறைவு. புளூடூத்தின் சுருக்கும் முறை எஸ்பிசி, ஏஏசி, எல்டாக் எதுவானாலும் ஒலியை மறுபடி சுருக்கித்தான் அனுப்பும். போனில் ஏஏசி 256 வைத்தால் போதும்.

மலிவு விலையில் 1 டிபி மைக்ரோ எஸ்டி கார்டு கிடைக்கிறது. எல்லாப் பாட்டையும் அதிலேயே வைத்துவிடலாமா?
– வாசகர், சென்னை

மலிவுக் கார்டு போலியாக இருக்கலாம், வாங்கியதும் ‘எச்2டெஸ்ட்டபிள்யூ’ என்ற சோதனை மென்பொருளை விண்டோஸில் ஓட்டிப் பாருங்கள். லினக்ஸ், மேக்கில் ‘எஃப்3’. கார்டு முழுவதும் எழுதித் திரும்பப் படித்துப் பார்ப்பதால் மணிக்கணக்கில் ஆகும். போலிக் கார்டில் 32 ஜிபிதான் இருக்கும், 1 டிபி என்று காட்டும். அந்த 32 நிரம்பிய பிறகு பழைய பாட்டின் மேல் புதியது எழுதப்படும், அல்லது எழுதியது போலக் காட்டிவிட்டுக் காணாமல் போகும். ஃபைல் பெயர்கள் மட்டும் ஒழுங்காகத் தெரியும். அதனால்தான் பலருக்கு மாதக்கணக்கில் விஷயம் தெரிவதில்லை. 128 ஜிபி கார்டு விண்டோஸில் 119 என்று காட்டினால் அது மோசடி அல்ல, எண்ணும் முறை வேறு.

அசல் கார்டானாலும் அதை மட்டும் நம்பி மூலப்பிரதி வைக்க வேண்டாம். மின்சாரம் இல்லாமல் நீண்ட நாள் கிடந்தால் ஃப்ளாஷ் நினைவகத்தின் மின்னூட்டம் கசியும். மூலப்பிரதி இரண்டு ஹார்டு டிஸ்க்கில், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். ஒவ்வொரு ஃப்ளாக் ஃபைலுக்குள்ளும் மூல ஒலியின் எம்டி5 என்ற சரிபார்ப்பு எண் பொதிந்திருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை ‘flac -t’ (டெஸ்ட்) கட்டளையை இரண்டு டிஸ்க்கிலும் ஓட்டினால், கெட்டுப்போன ஃபைலைப் பெயரோடு காட்டிவிடும். மற்ற டிஸ்க்கிலிருந்து அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.