அசல் ரசீதின் பின்பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருந்த என் அப்பா, 2009 செப்டம்பரில் ஒரு பொதுத்துறை வங்கியில் 2,00,000 ரூபாயை ஐந்தாண்டு டெபாசிட்டாகத் தன் பெயரில் மட்டும் போட்டார். நாமினி இல்லை. முதிர்வுத் தொகை 2,97,189 என்று ரசீதில் உள்ளது. 2024-இல் அவர் காலமான பிறகு டிரங்குப் பெட்டியில் அசல் ரசீது கிடைத்தது. கிளையில் மூன்று மாதம் அலையவிட்டார்கள். மேலாளர் எல்லார் முன்னாலும் அவமானப்படுத்தினார். கடைசியில், ‘2012 மே மாதமே கணக்கு முடிக்கப்பட்டது, ஆவணங்கள் விதிப்படி அழிக்கப்பட்டன’ என்று கடிதம் கொடுத்தார்கள். அப்போதைய மேலாளர்தான் கையாடியிருக்கிறார் என்று நம்புகிறோம். போலீஸுக்குப் போகலாமா? இன்றுவரை வட்டிக்கு வட்டியும், மன உளைச்சலுக்கு 5 லட்சமும் கிடைக்குமா?

பதில்: அலைச்சலையும் அவமானத்தையும் மனுவில் ஒரு வரியோடு முடித்துக்கொள்ளுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் போடக்கூடிய வழக்கு ஒரே காகிதத்தின் மேல் நிற்கிறது. அது, பின்பக்கம் வெறுமையாக இருக்கும் அசல் ரசீது. டெபாசிட் என்பது வங்கி உங்கள் அப்பாவுக்குப் பட்ட கடன். கடனைத் தீர்த்துவிட்டேன் என்று சொல்கிறவர்தான் தீர்த்ததைக் காட்ட வேண்டும். பணம் கொடுக்கும்போது ரசீதைக் கையெழுத்துடன் திரும்ப வாங்கிக்கொள்வது வங்கி வழக்கம். அது உங்கள் பெட்டியில் இருந்திருக்கிறது என்றால் விளக்கம் சொல்ல வேண்டியது அவர்கள்.

பழைய காகிதங்களை எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அழிக்க 1985ஆம் ஆண்டு விதிகள் இடம் தருகின்றன. ஆகவே, ‘அழித்துவிட்டோம்’ என்பது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அழித்ததற்கான சான்று பணம் கொடுத்ததற்கான சான்று ஆகாது. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள டெபாசிட்டை ரொக்கமாகத் திருப்பித் தர வங்கிக்கும் அனுமதி இல்லை. 1961 வருமான வரிச் சட்டத்தின் 269டி (269T) பிரிவு அதைத் தடுத்தது. எனவே 2012-இல் கொடுத்திருந்தால் அப்பாவின் கணக்கில் வரவு வந்திருக்க வேண்டும், இல்லையேல் அவர் பெயரில் கணக்கில் மட்டுமே செலுத்தக்கூடிய காசோலையோ டி.டி.யோ போயிருக்க வேண்டும். 2012-இல் கோர் பேங்கிங், அதாவது கிளைகளை இணைக்கும் மையக் கணினி முறை, நடப்பில் இருந்தது. காகிதம் போனாலும் கணினிப் பதிவு இருக்கும். ‘எந்த எண்ணுள்ள கணக்குக்கு, எந்தத் தேதியில், எவ்வளவு?’ என்ற இந்த மூன்றை மட்டும் பதிவுத் தபாலில் கேளுங்கள். பொதுத்துறை வங்கி என்பதால் வாரிசுச் சான்றிதழை இணைத்துத் தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம்.

‘முடிக்கப்பட்டது’ என்ற சொல்லை வைத்தே பணம் போய்விட்டதாக எண்ண வேண்டாம். பழைய எண்ணை மூடிப் புது எண்ணுக்கு மாற்றினாலும் பதிவேட்டில் அப்படித்தான் இருக்கும். 2014-இல் முதிர்ந்து யாரும் கேட்காத டெபாசிட், பத்தாண்டு கழிந்து 2024-இல் ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் நிதிக்குப் போயிருக்கலாம். கேட்கப்படாத டெபாசிட்டுகளைத் தேட ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உத்கம் (UDGAM) இணையதளத்தில் அப்பாவின் பெயரையும் பான் எண்ணையும் கொடுத்துத் தேடுங்கள். அங்கே இருந்தால் வழக்கே வேண்டாம். வங்கி உங்களுக்குத் தந்துவிட்டு அந்த நிதியிலிருந்து வாங்கிக்கொள்ளும்.

இனி நான் பயப்படும் இடங்கள். கவுன்ட்டரில் நல்ல முகத்தோடு ஒருவர், ‘ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிப் பின்னால் கையெழுத்துப் போட்டு ரசீதைக் கொடுத்துவிட்டுப் போங்கள், மண்டல அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறோம்’ என்பார். கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை, அது அவர்களின் வழக்கம். கொடுத்த அந்த நிமிடமே உங்கள் ஒரே சாட்சி எதிர்த்தரப்பின் சாட்சியாகிவிடும். கையெழுத்திட்ட ரசீது வங்கியிடம் இருந்தால் பணம் பெற்றுக்கொண்டதாகத்தான் பொருள். இருபுறமும் ஜெராக்ஸ் எடுத்து, மனுவின் நகலில் கிளை முத்திரையோடு பெற்றதற்கு ஒப்புதல் வாங்குங்கள். அசலை வீட்டைவிட்டு வெளியே எடுக்காதீர்கள்.

இரண்டாவது, போலீஸ். இதில்தான் பலர் நல்ல வழக்கைத் தாங்களே கெடுத்துக்கொள்கிறார்கள். மேலாளர் கையாடினார், கையெழுத்தைப் போலியாகப் போட்டார் என்று எழுதினால், அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் ஏறும். மோசடி, குற்றம் போன்ற சிக்கலான சர்ச்சைகளை நுகர்வோர் ஆணையத்தின் சுருக்க விசாரணையில் தீர்க்க முடியாது என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒரு வங்கி வழக்கிலேயே சொல்லிவிட்டது. வங்கி வழக்கறிஞர் முதல் நாளே அந்தத் தீர்ப்பை எடுத்து வைப்பார், நீங்கள் உரிமையியல் நீதிமன்றத்துக்குத் தள்ளப்படுவீர்கள். ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. உரிமையியல் நீதிமன்றத்திலோ 3 சதவீத நீதிமன்றக் கட்டணமும் பல ஆண்டுகளும் ஆகும். ‘ரசீது இதோ, பணம் எங்கே?’ என்பதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மனுவும் இதில் உதவாது.

மூன்றாவது, உங்கள் வீடு. வழக்குப் போடுவதற்கு முன்னால் அப்பாவின் எல்லாப் பாஸ்புத்தகங்களிலும் 2012 மே, ஜூன் பக்கங்களைப் பாருங்கள். ரசீது தொலைந்துவிட்டதாக உறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்து நகல் ரசீதில் பணம் எடுத்துவிட்டு, பின்னால் அசல் கிடைத்து அதைப் பெட்டியில் போட்டு வைப்பவர்கள் உண்டு. பட்டறைக்கு வெள்ளி வாங்க அவசரப் பணம் தேவைப்படும் தொழிலில் இது நடக்கக்கூடியதே. அப்பாவின் பான் இருந்தால், அவர் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ்-ஐயும் பாருங்கள். 2012-க்குப் பிறகும் இந்த டெபாசிட்டின் வட்டிக்கு வரி பிடித்திருந்தால் வங்கியின் கடிதம் அங்கேயே உடைந்துவிடும். பிடிக்கவில்லை என்பதை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வட்டிக்கு வரி பிடிக்க வேண்டாம் என்று கேட்கும் 15ஜி அல்லது 15எச் படிவத்தை அவர் கொடுத்திருக்கலாம்.

வங்கிக்கு எழுதி 30 நாள் கழித்து ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்பட்ஸ்மனிடம் போகலாம், செலவில்லை. ஆனால் விரிவான சாட்சியம் வேண்டும் என்று அவர் மனுவை முடித்துவைப்பதும் உண்டு, அதற்குள் காலம் ஓடிவிடும். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு. வங்கியின் மறுப்புக் கடிதத் தேதியிலிருந்து எண்ணி நாட்காட்டியில் குறித்து வையுங்கள். 2014-இலிருந்தே எண்ண வேண்டும் என்று வங்கி வாதிடும், ஆகவே தாமத மன்னிப்பு மனுவையும் சேர்த்தே போடுங்கள். நாமினி இல்லாததால் அம்மா, சகோதர சகோதரிகள் எல்லாரும் மனுதாரர்களாக வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் வங்கிக்கு அது ஒரு சாக்கு.

உங்கள் கணக்கில் 8 சதவீதக் கூட்டு வட்டி இன்றுவரை ஓடுகிறது, அப்படிப் பார்த்தால் ஏழு லட்சத்தைத் தாண்டும். அது வராது. முதிர்வுக்குப் பின் யாரும் கேட்காமல் கிடந்த டெபாசிட்டுக்குச் சேமிப்புக் கணக்கு வட்டி அளவில்தான் எதிர்பார்க்கலாம். 5 லட்சம் நஷ்டஈட்டையும் மறந்துவிடுங்கள். வங்கி 2,97,189 ரூபாயும் அதன் மேல் சேமிப்பு வட்டியும், அதாவது மொத்தம் நான்கு லட்சத்தை ஒட்டித் தர முன்வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வெறும் 2,00,000 என்றால் வேண்டாம். ‘முழுத் திருப்தி’ என்று எழுதிக் கேட்பார்கள், அதில் கையெழுத்திட்ட பிறகு மீதியைக் கேட்க வழியில்லை என்பதை எல்லா வாரிசுகளும் முதலிலேயே பேசி முடிவெடுங்கள். தொகை அம்மாவின் கணக்கில் வரவானதைப் பாஸ்புத்தகத்தில் பார்த்த பிறகு, அதே மேசையில் ரசீதின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.