நாலு தையல் யார் கையில்?

கேள்வி: பண்ருட்டிப் பக்கம் எங்களுக்கு முந்திரிக் கொல்லை. 2023-ல் வரப்புத் தகராறில் சித்தப்பா மகன் மீதும் அவர் பையன் மீதும் புகார் கொடுத்தேன். இப்போது சர்வேயரை வைத்து அளந்து, கல் நட்டு, பத்திரமும் பதிந்துவிட்டோம். கேஸை வாபஸ் வாங்கப் போனால், ‘சார்ஜ்ஷீட் கோர்ட்டுக்குப் போயாச்சு’ என்கிறார்கள். பிரிவுகள் 294(பி), 324, 447, 506(2). மண்வெட்டி பட்டு நாலு தையல் போட்டது எங்கள் கொல்லையில் வேலை பார்க்கும் பெரியவர் கையில். அவர் நாங்கள் சொன்னால் கேட்பார். கேஸை எப்படி முடிப்பது?

பதில்: ‘அவர் நாங்கள் சொன்னால் கேட்பார்.’ மற்றதெல்லாம் இருக்கட்டும், இதற்குப் பதில் சொல்லுங்கள். கொல்லை உங்களுடையது, பங்காளி உங்கள் பங்காளி, வெட்டு மட்டும் அவருக்கு. சமாதானம் பேச உட்கார்ந்தபோது அவரைக் கூப்பிட்டீர்களா? கூலி போன நாட்களுக்கு யார் கொடுத்தது? கல் நட்டதை எழுதத் தெரிந்த உங்களுக்கு இதை எழுதத் தோன்றவில்லை. உங்கள் வரப்புக்காக அடிபட்டவர், உங்கள் வீட்டு ஆள் மாதிரி. வீட்டு ஆளிடம் இப்படியா நடப்பார்கள்?

சட்டமும் இதைத்தான் கேட்கும். புகார்தாரர் என்பதால் எல்லாவற்றையும் நீங்களே மன்னித்துவிட முடியாது. அத்துமீறலை (447) இடத்தை அனுபவத்தில் வைத்திருப்பவர் சமரசம் செய்யலாம். மிரட்டலை (506) மிரட்டப்பட்டவர் செய்யலாம். ஆனால் 294(பி)-யும் (ஆபாசமாகத் திட்டுவது) 324-ம் (ஆயுதத்தால் காயப்படுத்துவது), இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கும் சமரசப் பட்டியலிலேயே இல்லை. மாஜிஸ்ட்ரேட்டாலும் முடியாது, லோக் அதாலத்தாலும் முடியாது. சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றுதான் வழி. கடலூர் மாவட்டம் மதுரைக் கிளையில் வராது.

சம்பவம் 2023 என்பதால் பிரிவுகள் பழைய இ.பி.கோ.தான். கேஸை ரத்து செய்யக் கேட்கும் மனு மட்டும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 528-ன் கீழ், அதாவது பழைய நடைமுறைச் சட்டத்தின் 482. மனுப் போட வேண்டியது நீங்கள் அல்ல, சித்தப்பா மகனும் பையனும். எதிர்மனுதாரர்கள் இன்ஸ்பெக்டரும் நீங்களும். மூன்றாவதாகப் பெரியவரைச் சேர்க்கச் சொல்லுங்கள். வக்கீல் ‘தேவையில்லை’ என்றாலும் விடாதீர்கள். எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, காயச் சான்றிதழ் நகல்கள், கூட்டுச் சமரச மெமோ, உங்களுக்கும் அவருக்கும் தனித்தனி அபிடவிட், ஆதார். விசாரணையன்று போலீஸ் அடையாளம் காட்ட, விருப்பப்பட்டுத்தான் கையெழுத்துப் போட்டீர்களா என்று நீதிபதி கேட்பார். ‘முதலாளி போடச் சொன்னார்’ என்று அவர் வாயிலிருந்து வந்தால் மனு அதோடு போச்சு.

2012-ல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: சிவில் தன்மையுள்ள தகராறில் இரு தரப்பும் உண்மையாகச் சமாதானமானால், சமரசப் பட்டியலில் இல்லாத குற்றத்தையும் உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம். கொலை, கொள்ளை, பாலியல் வன்முறைக்கு இது கிடையாது. உங்களுடையது கிடைக்கக்கூடிய கேஸ்தான், ஆனால் உரிமையாகக் கேட்க முடியாது. காயம் எங்கே, எவ்வளவு ஆழம், ஆயுதம் எது என்று பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

ஆகவே மனுவுக்கு முன்னால் பெரியவர் வீட்டுக்குப் போங்கள், சித்தப்பா மகனையும் கூட்டிக்கொண்டு. வைத்தியச் செலவும் போன கூலியும் வெட்டியவர் கொடுக்க வேண்டியது. வங்கி வழியாகக் கொடுத்து, தொகையை மெமோவில் எழுதுங்கள். உங்கள் வக்கீலே அவருக்கும் பேசக் கூடாது. கடலூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அவருக்கு இலவசமாக வக்கீல் கேட்கலாம். சென்னை போகிற நாளின் கூலியும் பஸ் செலவும் அவர் தலையில் விழக் கூடாது.

அவர் மாட்டேன் என்றால்? மாட்டேன்தான். கேஸ் நடக்கட்டும். வேலையை விட்டு நிறுத்துவேன் என்று வீட்டில் யாராவது வாய் திறந்தால் அது புதுக் கேஸுக்கு வழி. கூண்டில் ஏறி மாற்றிச் சொல்லிவிடலாம் என்ற யோசனை உங்கள் ஊரிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். அது சத்தியம் செய்து பொய் சொல்வது. அதற்குத் தனித் தண்டனை உண்டு.

ரத்து உத்தரவு வரும்வரை சித்தப்பா மகன் பண்ருட்டி கோர்ட் வாய்தா எதையும் தவற விடக் கூடாது, விட்டால் பிடிவாரண்ட். உத்தரவு வந்ததும் சான்றிட்ட நகலை அதே கோர்ட்டில் தாக்கல் செய்து, சி.சி. நம்பர் (அந்தக் கோர்ட்டில் உங்கள் வழக்கு எண்) முடிக்கப்பட்டதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.